மசூருக்கு வந்த கரம் போட்

எங்கள் வீட்டில் மசூர் என்று ஒருவர் இல்லை. இருந்ததுமில்லை. உம்மா, வாப்பா, நான், ஆறு கோழிகள், அவ்வளவுதான். மசூர் யார் என்று கல்முனைக்குடியில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டிருந்த அந்த நான்கு நாளும், விடை தெரிந்த ஒரே ஆள் நான். நானோ வாசலில் ஆட்டுக்குட்டி கத்தினாலும் அடுப்படிக் குசினிக்குள் ஓடி ஒளிகிறவள்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பெரிய பிள்ளையானதும் உம்மா, "இனிப் போகத் தேவையில்ல மகள்" என்றார். நான் அழுது புரண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. காலையில் டாப்புக் கூப்பிடும்போது "ஹாஜறா" என்றால் "இருக்கிறேன் டீச்சர்" என்று சொல்லக்கூட எனக்கு வராது. கடைசி மூன்று வருஷமும் என் பக்கத்தில் இருந்தவள்தான் எனக்காகச் சொன்னாள்.

வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குக் கேள்விகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் ஒன்றுகூட வராத கேள்விகள். ஐந்து சதக் காசு ஏன் சதுரமாக இருக்கிறது? உதைபந்தாட்டத்தில் கோல் காக்கிறவனுக்கு மட்டும் ஏன் வேறு நிறத்தில் சட்டை? அது எண்பத்திரண்டாம் ஆண்டு, நான் வீட்டோடு இருக்கத் தொடங்கி மூன்று வருஷம். இலங்கை முதன்முதலாக ஐந்து நாள் கிரிக்கெட் ஆடத் தொடங்கி, றேடியோ முழுக்க அதே கதையாக இருந்தது. ஐந்து நாளும் வெயிலில் நின்றுவிட்டு வெற்றியுமில்லை தோல்வியுமில்லை என்று கைகொடுத்துப் பிரிவதென்றால், முதல் நாளே கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன? இதையெல்லாம் கொப்பியில் எழுதி நெல் மூடைகளுக்குப் பின்னால் செருகி வைப்பேன். முதலாவது கொப்பியை உம்மா எரித்துவிட்டார். கோபத்தில் அல்ல, மழை நாள், அடுப்புப் பற்றவில்லை, கையில் அகப்பட்டது அதுதான். என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. தேங்காய் மட்டையைவிட நன்றாகப் பிடிக்கிறது என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து கொப்பிகளை மிகவும் உள்ளே தள்ளி வைத்தேன்.

நெல் விலையும் மரண அறிவித்தலும் பார்ப்பதற்காக வாப்பா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வாங்குவார். அதில் 'விடுப்புப் பெட்டி' என்று, துருவித் துருவி அறிய ஆசைப்படுகிறவர்களுக்காக ஒரு மூலை இருந்தது. விளையாட்டு, பொழுதுபோக்கு, காசு பணம் என்று யாரும் எதையும் கேட்கலாம். அவர்கள் பதில் போடுவார்கள். பார்த்த உடனே என் கை அரிக்கத் தொடங்கிவிட்டது.

சொந்தப் பெயரில் எழுதப் பயம். என்னோடு படித்த ஸுல்பிகாவின் பெயர் ஒருமுறை சிறுவர் பகுதியில் விலாசத்தோடு வந்தது. ஒரு மாதத்துக்குள் பதினேழு பொடியன்கள் பேனா நண்பர்களாக விரும்பிக் கடிதம் போட்டார்கள். அதில் ஒருவன் இதயம் கீறி, அதற்கு அம்பும் குத்தியிருந்தான். ஸுல்பிகாவின் வாப்பா அன்றைக்கே அவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துவிட்டார். ஆகவே நான் ஆண் பெயர் ஒன்றைத் தேர்ந்தேன்: மசூர். எங்கள் தெருவில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை என்பதை நன்றாக விசாரித்து வைத்துக்கொண்டுதான் தேர்ந்தேன். அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்து இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

கல்முனையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி செய்யக்கூடாத பிழை அது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்கு உரியது. ஒரே ஒரு பெண்பிள்ளை இருக்கிற வீட்டு விலாசத்தில் ஊரில் இல்லாத ஓர் ஆம்பிளையின் பெயர் வந்தால், அவர் யார் என்று சப்பாணி கொட்டுகிற பிள்ளையும் சொல்லிவிடும். எனக்கு மட்டும்தான் தோன்றவில்லை.

கடிதங்களைத் தபாலில் போட்டவர் பக்கத்து வீட்டுச் சுபைறா மாமி. காலையில் இடியப்பம் விற்கப் போகும் வழியில் அஞ்சல் பெட்டி இருந்தது. மாமிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. "பேப்பருக்குக் கேள்வி போடுறன் மாமி, உம்மாட்டச் சொல்லாதீங்க" என்றுதான் சொல்லியிருந்தேன். "ஓம்கா, நான் ஆருக்குச் சொல்லப் போறன்" என்பார். முட்டை விற்ற காசில் முத்திரையும் அவரே வாங்கி ஒட்டுவார்.

எட்டுக் கேள்வி அனுப்பியும் ஒன்றும் வரவில்லை. ஒன்பதாவது கேள்வி, கரம் விளையாட்டைப் பற்றியது. நான் கரம் ஆடியதில்லை. கரம் போட்டைக் கண்ணால் கண்டதுமில்லை. எங்கள் பின்வேலிக்கு அப்பால் விளையாட்டுக் கழகத்தின் கொட்டில் இருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கே 'டொக், டொக்' என்று சத்தம் கேட்கும். கூடவே "ராணியப் போட்டுட்டான்டா, அடுத்த காயப் போடாட்டி செல்லாது!" என்ற கூச்சல். காதால் கேட்டே முழுச் சட்டதிட்டமும் பாடமாக்கிவிட்டேன். ஒருநாள் எழுதினேன்: 'கரம் விளையாட்டில் ராணி இருக்கிறார். ராஜா எங்கே?'

அதைப் போட்டுவிட்டார்கள். கீழே, 'எங்களுக்கும் தெரியவில்லை, விசாரித்த இடத்திலும் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த வருடத்தின் சிறந்த விடுப்பு இதுவே. கல்முனைக்குடி மசூர் அவர்களுக்கு ஒரு கரம் போட் பரிசாக அனுப்பப்படும்' என்று இருந்தது. நான் அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பிக்குள் வைத்துவிட்டுக் கிணற்றடியில் போய் நின்று சிரித்தேன். பரிசு என்று சும்மா போடுவார்கள், யார் அனுப்பப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மாசி மாதம், திங்கட்கிழமை. வாப்பா வரிப்பத்தான்சேனையில் வயல் குடிசையான வாடியில் இருந்தார். அறுத்த நெல்லை அடிக்கும் சூடடிப்பு நடந்துகொண்டிருந்தது. பத்து மணியளவில் தபால்காரர் கனகசிங்கம் சணல் சாக்குச் சுற்றிய பெரிய சதுரப் பொதி ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஏறி ஓட முடியாமல், சந்தியிலிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். தெருவில் இருந்த அத்தனை வேலிப் படலையும் திறந்தது.

"மசூர்! மசூர் ஆக்கள்!"

உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு படலைக்குப் போனார். "அப்படி ஒருத்தரும் இஞ்ச இல்ல."

"விலாசம் உங்கட வீடுதானே? இந்தா, முகைதீன்பாவா வளவு எண்டு கிடக்கு." கனகசிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "புது மாப்பிள்ளையோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"எங்கட ஊட்ட மாப்பிள்ளையே இல்ல தம்பி! கொண்டு போங்க."

"திருப்பித் தள்ளிக்கொண்டு போக என்னால ஏலாது அக்கா. பாரம் எனக்கெல்லோ தெரியும். கையெழுத்தப் போடுங்கோ, ஆள் வரேக்க குடுங்கோ."

உம்மா பெருவிரல் அடையாளம் வைத்தார். பொதி வீட்டுக்குள் வந்தது. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அப்போதே வெளியே வந்து 'உம்மா, அது எனக்கு' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் தேங்காய் திருவினேன். அன்றைய கறிக்கு ஒரு தேங்காய் போதும். மூன்று திருவினேன்.

பின்னேரம் சுபைறா மாமி வந்தார். "என்னகா, மாப்பிள்ளைட சாமான் வந்திரிக்காம்?" என்று கேட்டவர், தெரியாத ஓர் ஆம்பிளைப் பெயரைக் கேட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் வந்து என் காதுக்குள், "அப்ப அந்தக் காயிதமெல்லாம் அவனுக்காடி? யா அல்லாஹ், என்ட கையாலயே போட்டனே!" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். மாமி அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் எனக்கு மூன்று விதமான கல்யாணம் நடந்து முடிந்திருந்தது. மசூர் ஒலுவிலில் தோணி வைத்திருக்கிறார் என்று ஒரு கதை. இல்லை, கொழும்பில் கடை, ஏற்கெனவே ஒரு பெண்சாதி உண்டு என்று இன்னொரு கதை. மூன்றாவதில் அவர் எங்கள் நெல் மூடைகளுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தார். சரியான இடத்துக்குக் கிட்ட வந்துவிட்டார்கள் என்று எனக்குப் பயம் வந்தது. வெற்றிலை கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சாக்குப் பொதியை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "மாப்பிள்ள வெறும் பலகையோடயா வந்த? கட்டில் செய்யவாக்கும்" என்றாள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது புதன்கிழமை தெரிந்தது. எங்கள் பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிச் சொந்தக் கூட்டத்துக்கும், ஒரு மரைக்கார் இருப்பார். எங்கள் குடிக்குக் கச்சிமுகம்மது மரைக்கார். கல்யாணம் மௌத்து, நல்லது கெட்டது எதுவானாலும் அவருக்கு அறிவித்துத்தான் நடக்க வேண்டும். பள்ளிக்குத் தெரியாமல் ரகசியமாகக் காவின் என்ற கல்யாணப் பதிவை எழுதிய வீட்டைக் குடியிலிருந்து விலக்கிவைப்பார்கள். பிறகு ஒருவரும் அந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டார்கள். நன்மைக்கும் வரமாட்டார்கள், செத்தால் மையித்துத் தூக்கவும் வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வாப்பா பதில் சொல்ல வேண்டும் என்று மரைக்கார் ஆள் அனுப்பினார்.

வாப்பா சூடடிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். தலைமயிரில் வைக்கோல் இருந்தது. கோபிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "மகள், ஆராவது இரிக்காங்களா? வாப்பாட்டச் சொல்லு" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப இந்த மசூர் ஆரு?" என்றார். தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியை அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை.

நான் வாயைத் திறந்தால் கொப்பிகள் வெளியே வரும். பதினொரு கொப்பி. பொய்ப் பெயரில் ஊரை ஏமாற்றிய கொப்பிகள் அடுப்புக்குத்தான் போகும், இந்த முறை மழை இல்லாமலே. திறக்காவிட்டால், வெள்ளிக்கிழமை வாப்பா பள்ளிவாசலில் தலைகுனிந்து நிற்பார். இதில் எது பெரிது என்று ஒரு கழுதைக்கும் விளங்கும். நான் இரவு முழுக்க யோசித்தேன்.

வியாழக்கிழமை பகல் மரைக்கார் நேரிலேயே வந்துவிட்டார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு முன் அறைக் கதிரையில் இருந்தார். வாப்பா வாங்குப் பலகையில் இருந்தார். உம்மாவும் சுபைறா மாமியும் நானும் திரைச்சீலைக்கு உள்ளே.

"முகைதீன்பாவா, நீ அப்படிப்பட்ட ஆள் இல்ல. அதாலதான் நான் ஊட்டுக்கு வந்த. ஆள் ஆரெண்டு சொல்லு. கூப்புட்டுக் கதைச்சு, ஒழுங்கா எழுதிப்போட்டு உடுவம்."

"மரைக்கார், வல்லாஹி எனக்குத் தெரியா. மகள் ஒருத்தரும் இல்லெண்டு சொல்றா."

"சொல்றாவா, தலையாட்டுறாவா?"

இந்த இடத்தில் சுபைறா மாமியால் பொறுக்க முடியவில்லை. திரைக்கு உள்ளே இருந்தபடியே ஒப்பாரி வைத்தார்: "நான் பாவி, மரைக்கார்! மாசம் ரெண்டு காயிதம் என்ட கையாலதான் பெட்டில போட்டன்! பேப்பருக்கு எண்டா, நம்பிட்டன்! முத்திரையும் என்ட எச்சில்தான்!"

வாப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அதைத் திரைச்சீலையின் கிழிசலால் பார்த்தேன்.

"அது நான்தான்" என்றேன்.

எவ்வளவு காலத்துக்குப் பிறகு பிற ஆம்பிளை ஒருவர் காதில் என் குரல் விழுகிறது! கொஞ்சம் நல்ல குரலாக வந்திருக்கலாம். சளி பிடித்த கோழி மாதிரி வந்தது.

"எது நீ?" என்றார் மரைக்கார்.

"மசூர்."

உம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "என்ட ரப்பே! புள்ளைக்கு ஜின்னு கூடிட்டு!"

"ஆம்புள ஜின்னு!" என்றார் சுபைறா மாமி. "பேரையும் சொல்லிட்டுகா! மரைக்கார், ஓதத் தொடங்குங்க, பேர் தெரிஞ்சா லேசாப் போயிரும்!"

மரைக்கார் உண்மையிலேயே தொண்டையைச் செருமினார். ஓதிவிடப்போகிறார் என்று கண்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. மனிதர் ஒருவரைக் கள்ளப் புருஷன் என்றார்கள், பொறுத்தேன். இப்போது ஜின் என்கிறார்கள்! எட்டுத் தரம் தோற்று ஒன்பதாம் தரம் வென்றவன் மசூர். நான் ஓடிப்போய் நெல் மூடைக்குப் பின்னால் கையை விட்டுக் கொப்பிகள் எல்லாவற்றையும் இழுத்து, பத்திரிகைத் துண்டோடு திரைக்குக் கீழால் முன் அறைக்குத் தள்ளினேன். அதில் ஒன்று மரைக்காரின் காலில் போய் இடித்தது.

"பேப்பருக்குக் கேள்வி கேக்கிறது நான்தான். ஸுல்பிகாக்கு வந்த மாதிரிக் காயிதம் வரும் எண்டுதான் பேர மாத்தின. மசூர் எண்டு ஒருத்தரும் இல்ல. அந்தச் சாக்குக்குள்ள கரம் போட்தான் இரிக்கி."

வாப்பா சாக்கைக் கத்தியால் கிழித்தார். கரம் போட்தான். மரைக்கார் பத்திரிகைத் துண்டை வாசித்தார். கொப்பியில் ஒன்றை விரித்து அதையும் வாசித்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"இது ஆரும் எழுதிக் குடுத்திருக்கலாம். எட்டாம் வகுப்புப் படிச்ச பொம்புளப் புள்ள ராணி, ராஜா எண்டெல்லாம் கேக்குமா? நீதான் எண்டா இப்ப ஒரு கேள்வி கேளு பாப்பம். இந்தக் கொப்பில இல்லாத கேள்வி."

பிற்காலத்தில் இந்தக் கட்டத்தை நினைத்து நான் எத்தனையோ அருமையான கேள்விகளைத் தயாரித்திருக்கிறேன். கேட்டால் மரைக்கார் மயங்கி விழுந்திருப்பார். அன்றைக்கு என் மண்டை வெறும் சட்டியாக இருந்தது. கிழிசலால் தெரிந்தது வேலியில் சாத்தியிருந்த சைக்கிள் மட்டும்தான்.

"சைக்கிள்ல... எல்லாரும் இடப்பக்கத்தாலதான் ஏறுறாங்க. நாலு வருஷமா வேலியால பாக்கிறன், ஒருத்தராவது வலப்பக்கத்தால ஏறல்ல. ஏன் மரைக்கார்?"

சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இதற்காகவா வாய் திறந்தேன்? மரைக்கார் தொப்பியைச் சரியாக வைத்தார். எழுந்து வெளியே போனார்.

அவர் கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து வாப்பா பின்னால் ஓடினார். மரைக்கார் சைக்கிளை நிமிர்த்தி, சாரனைத் தூக்கிக்கொண்டு, வலப்பக்கம் போய் நின்றார். ஒரு காலை மிதிக்கட்டையில் வைத்தார். மற்றக் காலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சைக்கிள் ஒரு பக்கம் போனது, மரைக்கார் மறுபக்கம் போனார், தொப்பி வேலிக்கு மேலால் சுபைறா மாமி வளவுக்குள் போனது. வாப்பா ஓடிப்போய்ப் பிடித்திராவிட்டால் ஆளும் அங்கேதான் போயிருப்பார்.

முழங்கையில் மணலைத் தட்டியபடி அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"இது இவட கேள்விதான்" என்றார். "நாப்பது வருஷமா சைக்கிள் ஓடுறன், எனக்கே தோணல்ல. ஏறி ஓடுற ஒருத்தனும் இதக் கேக்கமாட்டான். வேலிக்குள்ள நிண்டு பாக்கிற ஆள்தான் கேக்கும்."

வாப்பா மூச்சு விட்டார். எனக்கு அந்தச் சத்தம் உள்ளே கேட்டது.

"ஆனா ஒண்டு" என்றார் மரைக்கார். "நாளைக்குப் பள்ளில நான் சொல்லுவன். எங்கட ஆக்கள் நம்புவாங்க. மத்தவங்க? மசூர் எண்டு பேப்பர்ல வந்திரிக்கி. பேப்பர்ல வந்தது பேப்பராலதான் போகணும். மசூர் எண்டு ஒருத்தர் இல்ல, அது முகைதீன்பாவாட மகள் ஹாஜறாதான் எண்டு அவங்களுக்கு எழுது. அவங்க அதப் போடட்டும். அந்தப் பேப்பர நான் பள்ளிச் சுவர்ல ஒட்டுறன்."

பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காக நான் இவ்வளவும் செய்தேன். தண்டனையாகப் பள்ளிவாசல் சுவரில் என் பெயரை ஒட்டப் போகிறார்கள்.

மரைக்கார் போன பிறகு உம்மா கொப்பிகளைப் பொறுக்கி எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அவற்றைக் கரம் போட்டின் மேல் அடுக்கி வைத்துவிட்டு, "நெல்லுக்குப் பின்னால வெச்சா எலி திங்கும், பேய்ப் புள்ள" என்றார். அப்புறம் சுண்டுகாயைக் கையில் எடுத்து இது என்னத்துக்கு என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தேன். முதல் சுண்டிலேயே நகம் உடைந்து, மூன்று நாளைக்கு என்னோடு கோபமாக இருந்தார்.

கடிதத்தை நான் அன்றைக்கு ஆறு தரம் எழுதினேன். மசூரின் கேள்விகள் எல்லாம் ஒரே தடவையில் எழுதப்பட்டவை. 'இப்படிக்கு, ஹாஜறா' என்று வந்ததும் எழுத்துக் கோணிவிடும். ஆறாவதும் கோணல்தான். அதையே மடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, வாப்பா வயலுக்குத் திரும்பிப் போகப் புறப்பட்டார். கடிதத்தைத் தாமே தபாலில் போடுவதாகச் சொன்னார். படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"இதுக்கு முத்திர ஒட்டத்தானே போறம். சும்மா இது ஒண்டையா அனுப்புற? ஒரு கேள்வியும் சேத்து அனுப்பன்."

"எனக்கு ஒண்டும் வரல்ல வாப்பா."

அவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். உம்மா அங்கே இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கிட்ட ஒண்டு இரிக்கி. வாடியில றேடியோ கேக்கக்குள்ள யோசிக்கிற. இந்தக் கிரிக்கெட்டுச் சொல்றவன் அஞ்சு நாளும் வாய மூடாமச் சொல்றானே, அவன் எத்தின மணிக்குச் சோறு தின்னுற?"

நான் கடிதத்தைப் பிரித்து அடியில் எழுதினேன். நல்ல கேள்வி என்று பட்டது. "உங்கட பேரப் போடட்டா வாப்பா?"

வாப்பா தெருவைப் பார்த்தார். "என்ட பேரப் போட்டுராத மகள், ஊரெல்லாம் சிரிப்பானுகள்" என்றார். "ஒன்ட பேரையே போடு."